தராசை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முல்லைத்தீவின் நாயாற்று நீரேரி முகத்துவாரத்தில் இறகுத் தூண்டில் போட்டி ஒன்று, அதாவது இரைக்குப் பதிலாக இறகு கட்டிய தூண்டிலால் மீன் பிடிக்கும் போட்டி, நடத்தும் யோசனை பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியையும், அதற்குப் பிறகு வந்த இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஒருவர் இந்தப் போட்டியை வன்னிக்குக் கிடைத்த வரப்பிரசாதம் என்கிறார். மற்றவர், வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிக்கும் ஊரில் மீனோடு விளையாடுவது பாவம் என்கிறார். இருவருமே நீரேரிக்குள் முழங்கால் நனைய இறங்கியவர்களாகத் தெரியவில்லை.

நான் செம்மலையில் கரைவலைக் குடும்பத்தில் பிறந்தவள். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் தம்பி இன்றைக்கும் நாயாற்றில் வீச்சுவலையும் நண்டு வலையுமாக இருக்கிறான். மகன் அவுஸ்திரேலியாவில் டார்வின் நகரத்தில் வேலை செய்கிறான். ஓய்வு நாட்களில் இந்த இறகுத் தூண்டிலைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறான். போட்டி நடக்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் செய்தியின் கடைசிப் பந்தியில், பெயர் போடாத ஏற்பாட்டாளர் ஒருவர், ஆகக் கூடிய நிறையுள்ள கொடுவா மீனைக் கொண்டுவருபவருக்கே முதற்பரிசு என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். மற்றவையெல்லாம் அதன் பிறகு பேசித் தீர்க்கக்கூடியவை.

செய்தி வந்த நாளில் முள்ளியவளைச் சந்தையில் பழைய மாணவன் ஒருவன் என்னை மறித்து, "டீச்சர், இறகைக் காட்டினால் மீன் வருமா?" என்று கேட்டான். வரும். நமது கைத்தூண்டிலில் பாரம் ஈயத்தில் இருக்கிறது. ஈயம் பறக்க, தங்கூசி என்ற நைலோன் நூல் அதன் பின்னால் போகிறது. இதில் ஈயமும் இல்லை, இரையும் இல்லை. தூண்டிலில் கட்டிய இறகுக்கும் மயிருக்கும் பாரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே பாரத்தை நூலிலேயே ஏற்றிவிட்டார்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த நூல் அது. ஒன்பது அடித் தடியால் அந்த நூலைத் தலைக்கு மேலாகப் பின்னுக்கு எறிந்து, பின்னால் அது முழுதாக நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னுக்கு எறிய வேண்டும். பொறுக்காவிட்டால் நூல் எறிந்தவரின் காலடியிலேயே குவியும். நூலின் நுனியில் மெல்லிய தங்கூசி, அதன் நுனியில் இறகு. தண்ணீரில் விழுந்ததும் கையால் நூலைச் சிறிது சிறிதாக இழுக்க, இறகு குறுமீன் போல ஓடும். ஆற்று மீனுக்குத் தொடங்கிய இந்த வித்தை கடலுக்கு வந்தபோது தடி வலுத்தது, துருப்பிடிக்காத தூண்டில் வந்தது. மற்றபடி வேலை ஒன்றுதான்.

இறகு கட்டுவது எங்களுக்கு அந்நியமானதும் அல்ல. என் தகப்பனார் சூரைக்குப் போகும் காலத்தில் வெள்ளைச் சேவலின் கழுத்திறகைத் தூண்டிலில் கட்டிப் படகுக்குப் பின்னால் இழுத்துச் செல்வார். ஊரில் வெள்ளைச் சேவல் வளர்த்தவர்கள் அவரைக் கண்டால் சேவலைத் தேடுவார்கள். அந்த இறகுப் பெட்டி இடப்பெயர்வில் போய்விட்டது. மகன் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து பார்த்தபோது அப்பாவின் கட்டுத்தான் உள்ளே இருந்தது: நீளமான வெள்ளை இறகுகள் தூண்டிலின் பின்பக்கத்தில், கழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் மயிர். அதை 1950களின் இறுதியில் லெப்டி கிரே என்ற அமெரிக்கர் கட்டியதாக மகன் சொன்னான். 1991 இல் அமெரிக்க அஞ்சல் திணைக்களம் அந்த இறகுத் தூண்டிலைத் தபால் முத்திரையில் அச்சடித்திருக்கிறது. அப்பாவுக்கு யாரும் முத்திரை அடிக்கவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. ஆனால் ஓடும் படகின் பின்னால் இழுத்துப் பிடித்தால் அது இறகுத் தூண்டில்காரர்களின் விதிப்படி செல்லாது. கையால் எறிந்து, கையால் இழுத்துப் பிடித்தால்தான் கணக்கு.

கடந்த விடுமுறையில் மகன் வந்தபோது தம்பி அவனை நாயாற்றுப் பாலத்துக்கு உட்புறமாகத் தோணியில் கூட்டிப்போனான். நானும் போனேன், இருவருமே வேண்டாம் என்று சொன்னார்கள், அதனால். விடியற்காலையில் காற்று இல்லை. தம்பி பின்னணியத்தில் நின்று கம்பு ஊன்றிச் சத்தமில்லாமல் தள்ளினான். மகன் முன்னணியத்தில் நின்று எறிந்தான். ஏழரை மணிவரை பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, எழும்பியது. எங்கள் கரையில் சோளகம் நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பது. தரைக்கு முதுகைக் காட்டி நிற்பவருக்கு முன்னுக்கு எறிவதில் சிரமம் இல்லை, ஆனால் பின்னுக்கு எறியும் நூலைக் காற்று விரியவிடாது. அது தாழ்ந்து பறந்து தம்பியின் தொப்பியைக் கொத்திக்கொண்டு போனது. "மருமகன், நான் கொடுவா இல்லை" என்று தம்பி சொன்னான். தோணியைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பி, தூண்டில் எங்கள் தலைக்கு மேலாக வராத பக்கத்தில் மகனை நிறுத்தியதும் தம்பிதான். காற்றையும் தோணியையும் ஒன்றாக வைத்து யோசிப்பதற்கு அவனுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

கண்டல் வேர்களுக்குப் பக்கத்தில் திரளி மீன் குஞ்சுகள் சிதறிய இடத்தில் ஒரு கொடுவா இறகைக் கவ்வியது. முழங்கை நீளம் இருக்கும். தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறியது. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் விரலையே அறுக்கும், மெல்லிய தங்கூசி எந்த மூலைக்கு? அதனால் தூண்டிலுக்கு முன்னால் தடித்த தங்கூசித் துண்டு ஒன்று மகன் வைத்திருந்தான். தோணிக்குப் பக்கத்தில் வந்ததும் கையை நனைத்து, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தூண்டிலைக் கழற்றி, விட்டுவிட்டான். தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, இவனுக்கு அங்கே சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லைத்தானே?" என்று கேட்டான்.

மகன் அதை விட்டதற்குக் காரணம் இரக்கம் மட்டும் அல்ல. டார்வினில் அவன் பிடிப்பதும் இதே கொடுவாதான். அங்கே அதற்கு வேறு பெயர், அவ்வளவுதான். பாரசீகக் குடாவிலிருந்து வட அவுஸ்திரேலியாவரை ஒரே இனம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்த இனத்தின் சீவியத்தை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். கொடுவா முதலில் ஆணாகத்தான் முதிர்ச்சி அடைகிறது. சில ஆண்டுகள் ஆணாக இருந்து, ஏறக்குறைய 80 முதல் 100 சென்ரிமீற்றர்வரை வளரும்போது பெண்ணாக மாறுகிறது. ஆகவே ஒரு நீரேரியில் இருக்கும் பெரிய கொடுவாக்கள் எல்லாம் ஏறக்குறைய பெட்டைகள். அவற்றில் ஆகப் பெரியது ஒரே பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டை இடக்கூடியது. முட்டை பொரிக்க உப்புத்தண்ணீர் வேண்டும், அதனால் முகத்துவாரத்துக்கு இறங்கிப் போய் இடுகிறது. குஞ்சுகள் வற்றுப்பெருக்கோடு உள்ளே ஏறிக் கண்டலுக்குள்ளும் மழைவெள்ளம் நின்ற சதுப்புக்குள்ளும் ஒளித்து வளர்கின்றன. என் தகப்பனாருக்கு இந்தப் பாடம் தெரியாது. ஆனால் பெரிய கொடுவாவை வெட்டினால் எப்போதும் சினைதான், கிடாய் கிடைப்பதே இல்லை என்று அவர் சொல்லி வியந்ததை நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே கேட்டிருக்கிறேன்.

இப்போது "ஆகக் கூடிய நிறை" என்ற பரிசை நினைத்துப் பாருங்கள். நாற்பது பேர், நாற்பது தடி, முகத்துவாரத்தின் இரு பக்கமும். எல்லோரும் தேடுவது ஒரே மீனை: ஆகப் பெரிய, ஆக மூத்த பெட்டையை. அதைத் தராசில் தொங்கவிட வேண்டுமென்றால் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கரைக்குக் கொண்டுவந்து, வாயில் கொக்கி போட்டுத் தூக்கி, நான்கு பேர் படம் எடுத்து, நடுவர் கண்ணாடி போட்டுத் தராசைப் பார்ப்பதற்குள் அது செத்துவிடும். சாகாவிட்டாலும், தாடையில் தொங்கிய பெரிய மீனின் உள்ளுறுப்புகளும் முள்ளந்தண்டும் என்ன ஆகும் என்று சொல்ல விஞ்ஞான ஆசிரியை தேவையில்லை. எங்கள் ஆட்கள் வலையில் படும் பெரிய கொடுவாவை விற்கிறார்களே என்று கேட்பீர்கள். விற்கிறார்கள். அது அவர்களின் பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்து. வலைக்குத் தெரிவு இல்லை, கிடைத்தது வரும். போட்டி அப்படியல்ல. பெரியதையே தேடிப் பிடி, பரிசு தருகிறேன் என்று சொல்வது போட்டி.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு வெகுதூரம் தேட வேண்டாம். அவுஸ்திரேலியாவின் வடபிராந்தியத்தில் டேலி ஆற்றில் நடக்கும் கொடுவாப் போட்டிகள் இறகுத் தூண்டிலுக்கு மட்டுமானவை அல்ல. ஆனால் அங்கே புள்ளி மீனின் நீளத்துக்கு. அளந்ததும் மீன் ஆற்றுக்குத் திரும்புகிறது. குவீன்ஸ்லாந்து மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே ஆற்றிலும் கடற்கரையிலும் பிடிபடும் கொடுவாவில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் கொண்டுபோக முடியாது. சின்னது வளரட்டும், பெரியது முட்டை இடட்டும் என்பதுதான் கணக்கு. அந்த மாநிலத்தின் கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பெப்ரவரி 1 வரை கொடுவா பிடிப்பதற்கே தடை. 1939 இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன் சங்கம் நெடுங்காலம் நிறையைத்தான் சாதனையாகப் பதிந்து வந்தது. 2011 இல் அவர்களும் உயிரோடு விடும் மீன்களுக்காக நீளச் சாதனை என்று தனிப் பட்டியல் தொடங்கினார்கள். உலகமே தராசை ஓரமாக வைக்கப் பழகும்போது நாங்கள் புதிதாகத் தராசு வாங்குவானேன்?

நீளப் போட்டி நடத்துவது செலவான வேலையும் இல்லை. அளவுகோடு போட்ட ஒரு விரிப்பு. அதை முதலில் நனைக்க வேண்டும், காய்ந்த விரிப்பில் மீனின் மேற்பூச்சு உரிந்துவிடும். மீனை விரிப்பில் கிடத்தி ஒரு படம். பழைய மீனின் படத்தைக் காட்டி ஏமாற்றும் கெட்டிக்காரர்கள் எல்லா நாட்டிலும் உண்டு என்பதால், அன்று காலையில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண் போட்ட அட்டையைக் கொடுத்து, படத்தில் அந்த அட்டையும் தெரிய வேண்டும் என்று வைப்பார்கள். தூண்டிலில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். அப்போது கழற்றுவது சுலபம், மீனுக்கும் சரி, தொப்பிக்கும் சரி. படமெடுப்பவர் மீன் வெளியே வந்ததும் தன் மூச்சைப் பிடித்துக்கொள்ளட்டும். அவருக்கு மூச்சு முட்டுகிற நேரத்தில் மீன் தண்ணீரில் இருக்க வேண்டும்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. செய்தியில் ஆடி, ஆவணி என்று இருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் நீரேரிகளின் நிலை என்ன? மாரி முடிந்து மாதங்கள் கழிந்ததும் முகத்துவாரத்தை மணல் மூடிவிடுகிறது. நந்திக்கடலுக்கு வட்டுவாகலிலும் நாயாற்றுக்குப் பாலத்தடியிலும் இதே கதைதான். உள்ளே நிற்கும் தண்ணீர் வற்றி, உப்பேறி, மதியத்தில் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. அந்தத் தண்ணீரில் மீனை ஓடவிட்டு, களைக்க வைத்து, படம் எடுத்த பிறகு தண்ணீரில் விட்டால் அது நீந்திப் போவது போலத் தெரியும். அடுத்த நாள் காலையில் கரை ஒதுங்குவதைப் பார்க்க விருந்தாளிகள் இருக்க மாட்டார்கள். நாங்கள் இருப்போம்.

மாசியின் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ வையுங்கள். மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று தணிந்திருக்கும், தண்ணீர் தெளிந்து குளிர்ந்திருக்கும், முகத்துவாரம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு முடித்துவிடலாம். வைகாசிக்குத் தள்ளிவிடாதீர்கள். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து விளக்கேற்றும் நாட்களில் முல்லைத்தீவில் படகோட்டியும் கிடைக்க மாட்டார், நடுவரும் கிடைக்க மாட்டார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மாசியில் வர முடியாதென்றால் உள்ளூர்ப் பிள்ளைகள் போட்டியிடட்டும். இறகுத் தூண்டில் டார்வினிலிருந்து வந்தால்தான் பறக்கும் என்று ஒரு சட்டமும் இல்லை.

படகோட்டிகள் விடயத்தைத்தான் ஏற்பாட்டாளர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. செய்தியில் விருந்தினர், அனுசரணையாளர், அறிவிப்பாளர், உணவு, மேடை எல்லாம் இருக்கின்றன. "படகு வசதி செய்து தரப்படும்" என்று ஒரு வரி. படகு தானாக ஓடாது. புளோரிடாவில் 1964 இல் தொடங்கிய தங்கக் கிண்ணப் போட்டி இறகுத் தூண்டிலுக்கு மட்டுமானது. தார்ப்பன் என்ற பெரிய மீனுக்காக நடப்பது. அங்கே வென்றவரின் பெயரோடு அவருக்குக் கம்பு ஊன்றிய படகோட்டியின் பெயரும் பதிவாகிறது. ஏனென்றால் தண்ணீருக்குள் மீனை முதலில் காண்பவர், தூண்டில்காரருக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்பவர், காற்றுக்கு ஏற்பத் தோணியைத் திருப்பி நிறுத்துபவர் அவர்தான். என் மகன் பிடித்த கொடுவாவில் பாதிக்கு மேல் என் தம்பி பிடித்தது. எந்தக் குடாவில் களி, எந்த இடத்தில் யாருடைய நண்டு வலை, எந்தக் கண்டலடியில் திரளி மேயும் என்பதையெல்லாம் அறிந்தவர்கள் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கூலிக்குத் தோணி தள்ள அழைக்காதீர்கள். தூண்டில்காரரும் படகோட்டியும் ஒரு அணி என்று பதியுங்கள், பரிசைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுங்கள். நாட்சம்பளம் எவ்வளவு என்பதைக் கடற்றொழிலாளர் சங்கத்தோடு பேசி எழுத்தில் வையுங்கள். வந்தவர் மகிழ்ந்தால் கையில் ஏதும் வைப்பார் என்ற பேச்சு வேண்டாம். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு, இது கொஞ்சம் கசப்பானது. கொக்கிளாய் நீரேரி 1951 இலிருந்து பறவைகள் சரணாலயம். நந்திக்கடலும் நாயாறும் 2017 இல் இயற்கை ஒதுக்கிடங்களாக அறிவிக்கப்பட்டன. பறவைக்கும் கண்டலுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, பாடமாகவே படிப்பித்திருக்கிறேன். ஆனால் எல்லைக்கல் நட்ட பிறகு, தலைமுறையாக வலை வீசிய இடத்தில் நின்று "நான் இங்கே நிற்கலாமா?" என்று யோசிக்கும் நிலைக்கு எங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள். என் தம்பியை ஒரு நாள் ஒருவர் தண்ணீரிலிருந்து ஏறச் சொல்லியிருக்கிறார். யார், எந்தக் கந்தோர் என்பது இங்கே வேண்டாம். அதே தண்ணீரில் விருந்தாளி ஒருவர் தடியோடு நிற்க, அதிகாரிகள் கரையில் கதிரை போட்டுக் கைதட்டினால் ஊர் அதை எப்படிப் பார்க்கும்? அனுமதி யாரிடம் பெறப்பட்டது, எந்த எல்லைக்குள், எத்தனை மணி நேரம் என்பதைப் போட்டிக்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள். போட்டிக்காரருக்குக் கிடைக்கும் அனுமதி வீச்சுவலைக்காரருக்கு ஏன் தடுமாறுகிறது என்ற கேள்வி அங்கே வந்தால், அதற்கும் பதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

பாவம் என்று எழுதிய வாசகருக்கு: உங்கள் கடிதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். மீனுக்கு வலிக்காது என்று தூண்டில்காரர்கள் சொல்லும்போது எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. தூண்டில் ஏறிய மீன் எப்படி உதறுகிறது என்பதைக் கண்ட எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். ஆனால் நீரேரியைக் கெடுப்பது நாற்பது தடிகள் அல்ல. இரவில் வெளிச்சம் பாய்ச்சி அள்ளுவதையும், வெடி போடுவதையும், கூனிக்குஞ்சுகூடத் தப்பாத சிறுகண் வலைகளையும் பற்றி எங்கள் சங்கங்கள் எத்தனை மனுக் கொடுத்துவிட்டன. கடலடியை வாரி இழுக்கும் அடிமடி இழுவையை 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தடை செய்தது, ஆனாலும் மன்னார், பூநகரிப் பக்கத்து ஆட்களுக்கு இழுவைப் படகுகளால் அறுந்த வலைகளின் கணக்கு முடியவில்லை. அந்த வரிசையில் எதிர்முள் நசுக்கிய ஒரு தூண்டிலைக் கொண்டுவந்து நிறுத்துவது கோபத்தைத் தவறான முகவரிக்கு அனுப்புவது. உயிரோடு விடப்பட்ட ஒரு பெட்டைக் கொடுவா அடுத்த மாரியில் முகத்துவாரத்தில் முட்டை இடும். அந்தக் குஞ்சு என் தம்பியின் வலைக்கும் வரும், போட்டிக்காரரின் தூண்டிலுக்கும் வரும். இந்தக் கணக்கு எனக்குப் போதும்.

வரப்பிரசாதம் என்று எழுதியவருக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு காலை நேரப் போட்டியால் வன்னி எழுந்து நிற்காது. சில படகோட்டிகளுக்கு ஒரு நாள் நல்ல சம்பளம், சாப்பாடு சமைக்கும் பெண்களுக்கு ஒரு வருமானம், பிள்ளைகளுக்கு ஒரு புதுமை. அவ்வளவும் நல்லதே. அதற்கு மேல் நாதசுரம் வேண்டாம்.

பெண்கள் என்றதும் நினைவு வருகிறது. செய்தியில் பெண்களின் பெயர் உணவுக் குழுவில் மட்டும் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலால் தடவி, கையால் இறால் எடுக்கும் பெண்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். களிக்குள் எது அசைகிறது என்று பாதத்தால் அறிபவர்களுக்கு நூலின் நுனியில் மீன் தொடுவதை அறிய எத்தனை நாள் பிடிக்கும்? தடியைக் கொடுத்துப் பாருங்கள். எறிவதற்குக் கைப்பலம் தேவையில்லை, நேரம் தெரிந்தால் போதும் என்று மகனே சொல்கிறான். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இறகு கட்டும் பயிற்சி ஒன்றையும் முதல் நாள் வையுங்கள். சேவல் இறகு எங்கள் ஊரில் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நானும் வந்து உதவுகிறேன். கொடுவா ஆணிலிருந்து பெண்ணாவதை விளக்க எப்படியும் ஒரு ஆள் தேவைப்படும், பிள்ளைகள் எப்படியும் சிரிப்பார்கள்.

ஏற்பாட்டாளர்கள் இதைப் படித்தால், திகதி குறிக்கும் முன் செம்மலைக்கு ஒரு தடவை வந்து சங்கத்தோடு பேசுங்கள். முகத்துவாரத்தின் இரு பக்கத்திலும் இரவு வலை போடுபவர்கள் யார், எத்தனை மணிக்கு வலை தூக்குகிறார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தூக்காத வலைக்கு மேலாக நூல் எறிந்தால் வரும் சண்டையை எந்த நடுவராலும் தீர்க்க முடியாது. என் தம்பியின் தோணி வேண்டுமென்றால் அவனோடு நேரிலேயே பேசலாம். காலை ஆறு மணிக்கு முன் தொலைபேசி எடுக்க மாட்டான், வலை தூக்கிக்கொண்டிருப்பான். புதுத் தொப்பி ஒன்று கேட்பான், கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
செம்மலை, முல்லைத்தீவு.